இரண்டு பீப்பாய் ஷார்டொனே

ஷார்டொனே என்ற திராட்சையில் எடுத்த பிரெஞ்சு வெள்ளை ஒயின் இது. போன மாதம் திறந்த முதல் பாட்டிலைப் பற்றி என் நோட்டில் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. "புளிப்பு உண்டு, வேறொன்றும் இல்லை." பக்கத்தில் தேதி, அதற்குக் கீழே பாட்டிலின் எண்: 214. லேபிளின் ஓரத்தில் பென்சிலால் யாரோ கையால் எழுதிய எண் அது. அந்த அறுவடையில் தோட்டக்காரர்கள் நிரப்பியதே 600 சொச்சம் பாட்டில்கள். அதில் இரண்டு என் கைக்கு வந்தன, 214-ம் 215-ம்.

அந்த வரியோடு விஷயம் முடிந்திருக்கும். மறுநாள் அக்கா வந்தாள். அவள் ஒயின் குடிப்பவள் இல்லை, எப்போதாவது ஒரு வாய் ருசி பார்ப்பாள், அவ்வளவுதான். ஆனால் அவளுக்கு இருக்கிற மூக்கு எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் வாய்க்கவில்லை. பால் திரிவதற்கு அரைநாள் முன்பே சொல்லிவிடுவாள். மிச்சமிருந்த ஒயினை கிளாஸில் ஊற்றிக் கொடுத்தேன். வாயில் வைக்கவே இல்லை, முகர்ந்ததும் கையைத் தள்ளிப் பிடித்துக்கொண்டாள்.

"என்னடா இது, மழையில நனைஞ்ச அட்டைப்பெட்டி மாதிரி வாடை அடிக்குது?"

திரும்ப வாங்கி முகர்ந்தேன். முந்தைய நாள் தெரியாத ஒன்று அவள் சொன்னதும் பளிச்சென்று தெரிந்தது. ஈர அட்டை, பூட்டிக் கிடந்த அறை. கார்க் கெட்ட ஒயின். டிசிஏ என்று சுருக்கமாகச் சொல்லும் ஒரு சேர்மத்தின் வேலை. கார்க் மரப்பட்டையில் ஒட்டியிருக்கும் குளோரின் சார்ந்த பொருட்களைப் பூஞ்சை மாற்றிவிடும்போது அது உண்டாகிறது. ஒரு லிட்டரில் சில நானோகிராம் போதும், மனித மூக்கு பிடித்துவிடும். நானோகிராம் என்றால் ஒரு கிராமை நூறு கோடியாகப் பிரித்ததில் ஒரு பங்கு. குடித்தால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அதைவிடக் குறைவாக, நாம் வாடையாக உணர முடியாத அளவில் இருக்கும்போது அது செய்வதுதான் கொடுமை: ஒயினில் இருக்கும் பழவாசனையை எல்லாம் அமுக்கிவிடும். கெட்டுப்போனது என்று தெரியாது, சப்பென்று இருக்கிறது என்றுதான் தோன்றும். நான் எழுதிய வரி அந்த ஒயினைப் பற்றியதே இல்லை, அதன் தக்கையைப் பற்றியது.

அந்தத் தோட்டக்காரரிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். ஒரு வருடம் பாடுபட்டு இரண்டு பீப்பாய் எடுத்த மனிதர்.

பாட்டிலோடு வந்த துண்டுச்சீட்டில் நாலைந்து வரிகள் இருந்தன, அதில்தான் இரண்டு பீப்பாய் என்று போட்டிருந்தது. இது பிரான்ஸின் பர்கண்டி பகுதி ஒயின், அங்கே பீப்பாய் என்றால் 228 லிட்டர், ஏறக்குறைய 300 பாட்டில். மற்ற வருடங்களில் ஆறேழு பீப்பாய் வருமாம். இது 2021-ன் அறுவடை. அந்த வருடத்தைத் தெரிந்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. மார்ச் கடைசியில் கோடை போல வெயில் அடித்தது. திராட்சைக் கொடிகள் நம்பிக்கையோடு துளிர்விட்டன. ஷார்டொனே மற்றவற்றுக்கு முந்திக்கொண்டு துளிர்க்கும் ஜாதி. ஏப்ரல் முதல் வாரத்தில், அடுத்தடுத்த இரவுகளில், பிரான்ஸ் முழுக்க உறைபனி இறங்கியது. உறைபனியை விரட்ட வரிசை வரிசையாக மெழுகு வாளிகளைக் கொளுத்திவைத்து விடிய விடியக் காவல் இருந்தார்கள். அந்தப் படங்களைப் பார்த்தபோது ஏதோ திருவிழா என்றுதான் நினைத்தேன். விபரம் படித்த பிறகு திரும்பப் பார்க்க முடியவில்லை. கருகிய துளிருக்குப் பதில் இரண்டாவது மொட்டு கிளம்பும், ஆனால் அது அவ்வளவாகக் காய்க்காது. அப்புறம் வந்த கோடையும் குளிரும் மழையுமாகப் போனது. தப்பியதில் எடுத்ததுதான் அந்த இரண்டு பீப்பாய்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், அதெல்லாம் ஒயினில் அப்படியே தெரிகிறது. வெயில் போதாத வருடத்தில் சர்க்கரை குறைவு, அதனால் ஆல்கஹாலும் குறைவு. லேபிளில் 12.5 சதவீதம் என்று இருந்தது. புளிப்பு மட்டும் தாராளம்.

தோட்டம் இருப்பது பர்கண்டியின் தென்பகுதியில், மக்கோனே வட்டாரத்தில். அங்கேதான் ஷார்டொனே என்ற பெயரிலேயே ஒரு கிராமம் இருக்கிறது. திராட்சை அங்கிருந்து கிளம்பியிருக்கலாம் என்ற பேச்சு உண்டு. அதைவிட எனக்குப் பிடித்தது அதன் பிறப்பு பற்றிய சேதி. 1999-ல் டேவிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் கரோல் மெரடித்தின் குழு மரபணுவைப் பார்த்து அதன் அப்பா அம்மாவைக் கண்டுபிடித்தது. ஒன்று பினோ நுவார், பர்கண்டியின் ராஜ திராட்சை. இன்னொன்று குவே பிளாங், யாரும் மதிக்காத குடியானவத் திராட்சை. அதைப் பிடுங்கி எறியச் சொல்லி உத்தரவுகள் போடப்பட்ட காலமும் உண்டு. இன்று உலகின் எல்லா மூலையிலும் நட்டு வளர்க்கிற வெள்ளைத் திராட்சை அந்த இரண்டும் தற்செயலாகக் கலந்து பிறந்த பிள்ளை.

சரி, 215-க்கு வருகிறேன்.

இந்தத் தடவை அவசரப்படக்கூடாது என்று முடிவு செய்தேன். வெள்ளிக்கிழமை மாலை. தக்கையை எடுத்ததும் முதலில் அதைத்தான் முகர்ந்தேன். மரவாசனை, அவ்வளவுதான். நல்லது. கிளாஸில் ஒரு விரற்கடை ஊற்றி முகர்ந்தேன். அட்டை இல்லை. அப்பாடா என்று இருந்தது.

உடனே செய்த காரியம் ஒன்று: கழுவிக் காயவைத்திருந்த 375 மில்லி பாட்டில் ஒன்றை எடுத்து, விளிம்பு வரை நிரப்பி, காற்றுக்கு இடமில்லாமல் மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டேன். அது அக்காவுக்கு, ஞாயிற்றுக்கிழமை வருவாள். தனியாக இருக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல உபாயம் எனக்குத் தெரியாது. ஒயினைக் கெடுப்பது நாட்கள் இல்லை, பாட்டிலின் காலி இடத்தில் இருக்கிற காற்றுதான். விளிம்பு வரை நிரப்பிய அரைப் பாட்டில் சில நாளைக்கு ஏறக்குறைய திறக்காத பாட்டிலுக்குச் சமம்.

மிச்சத்தில் ஒரு கிளாஸ் ஊற்றிக்கொண்டேன். ஃபிரிட்ஜிலிருந்து அப்போதுதான் வந்தது, வெப்பமானி 5 டிகிரி காட்டியது. அந்தக் குளிரில் வாசனை எதுவும் மேலே எழும்பாது, நாக்கில் புளிப்பு மட்டும் ஊசி போல இறங்கும். பலரும் வெள்ளை ஒயினை இந்த நிலையிலேயே குடித்து முடித்துவிடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். நான் கிளாஸை இரண்டு உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

8 டிகிரியில் முதலில் வந்தது நெருப்புக்குச்சி. உரசி அணைத்த அந்த நொடியில் மூக்கில் ஏறுமே, அதே வாசனை. இதைக் குறை என்று சிலர் ஒதுக்குவார்கள். நொதிக்கும்போது ஈஸ்டு உண்டாக்கும் கந்தகச் சேர்மங்களால் வருவது இது. பீப்பாயின் அடியில் படியும் செத்த ஈஸ்டு மண்டியைக் கலைக்காமல் நீண்ட நாள் வைத்திருந்தால் கூடுதலாகத் தெரியும். எனக்குப் பிடிக்கும், அளவோடு இருந்தால். இருபது நிமிடத்தில் அது ஒதுங்கி வழிவிட்டது.

பிறகு 11 டிகிரி. அங்கேதான் ஒயின் வாய் திறந்தது. நறுக்கிய எலுமிச்சையின் தோல், சாறு இல்லை, தோலை வளைத்தால் தெறிக்குமே அந்த எண்ணெய். பழுக்காத பேரிக்காய். அதற்குப் பின்னால் ஏதோ வெள்ளைப் பூ. கொஞ்சம் தள்ளி, ஈரக் கல். வெயிலில் சுட்ட கல்லில் தண்ணீர் தெளித்தால் கிளம்பும் வாசனை. கல்லின் ருசியைக் கொடி வேர் வழியாக உறிஞ்சிப் பழத்துக்குக் கொண்டுவருகிறது என்று சொல்வார்கள், அது அப்படி இல்லை என்று மண்ணியல் படித்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். வடக்கே ஷாப்லியில் தோட்டத்து மண்ணிலேயே சின்னச் சின்னச் சிப்பிகளின் புதைபடிவம் கிடக்கும், அந்த ஒயினைக் குடித்துவிட்டுச் சிப்பியை நினைக்காமல் இருப்பது கஷ்டம். ஆனாலும் சிப்பி கிளாஸுக்குள் வருவதில்லை. காரணம் எதுவாக இருந்தாலும் வாசனை என்னவோ கல்தான். வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

வாயில் வைத்ததும் முதலில் புளிப்பு. பல் கூசும் அளவு இல்லை, நாக்கின் இரண்டு ஓரமும் ஊறும் அளவு. ஒயினின் புளிப்பை நான் பார்ப்பது விழுங்கிய பிறகுதான். வாயைக் கொஞ்சம் திறந்து தலையைக் குனிந்தால் எச்சில் எவ்வளவு வேகமாக ஊறுகிறது என்று தெரியும். ஊறிக்கொண்டே இருந்தது. ஆனால் நடுவில் ஒரு வழவழப்பு, பால் ஆடை போல. புளிப்பும் வழவழப்பும் ஒன்றை ஒன்று முட்டாமல் பக்கத்தில் பக்கத்தில் போயின. விழுங்கிய பிறகு எண்ணினேன், எலுமிச்சைத் தோல் 12 விநாடி நின்றது. பிரெஞ்சுக்காரர்கள் இந்த விநாடிக் கணக்குக்கு கோடலி (caudalie) என்று ஒரு அலகே வைத்திருக்கிறார்கள். நான் ஏழெட்டு வருடமாக எண்ணிக்கொண்டு வருகிறேன், சாதாரண ஷார்டொனேவில் ஆறு தாண்டுவது அபூர்வம்.

வெண்ணெய் எங்கே என்று கேட்பவர்கள் இருப்பார்கள். ஷார்டொனே என்றாலே வெண்ணெயும் வனிலாவும் என்று ஒரு காலத்தில் ஆகிவிட்டது. கலிஃபோர்னியாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் அப்படிப்பட்ட பாட்டில்கள் கொட்டின, "எது வேண்டுமானாலும் கொடு, ஷார்டொனே மட்டும் வேண்டாம்" என்று ஒரு கோஷமே 1990-களில் கிளம்பியது. எனக்கு அந்தத் திராட்சையைப் பார்த்தால் பாவமாக இருக்கும். வெண்ணெய் அதன் குணமே இல்லை. நொதித்த பிறகு பாக்டீரியா ஒன்று ஆப்பிளில் இருக்கும் மாலிக் அமிலத்தைத் தயிரில் இருக்கும் லாக்டிக் அமிலமாக மாற்றுகிறது. கூர்மை குறைந்து மென்மை வருகிறது. அந்த வழியில் பிறக்கும் டையசெட்டில் என்ற பொருள்தான் வெண்ணெய் வாசனை. வனிலா புது ஓக் மரப் பீப்பாயின் வேலை. சொல்லப்போனால் ஷார்டொனேவுக்கென்று தூக்கலான வாசனை எதுவும் கிடையாது. யார் கையில் வளர்கிறதோ அவர் சொன்னபடி கேட்கிற குழந்தை. 1976 மே 24 அன்று பாரீஸில் ஆங்கிலேய ஒயின் வியாபாரி ஸ்டீவன் ஸ்பரியர் லேபிளை மறைத்து நடத்திய போட்டியில் பிரெஞ்சு நடுவர்கள் பர்கண்டி பாட்டில்களைத் தாண்டி கலிஃபோர்னியாவின் ஷாட்டோ மான்ட்டலீனா 1973-க்கு முதலிடம் கொடுத்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

இந்த ஒயினிலும் அந்த மாலிக் மாற்றம் முழுக்க நடந்திருக்கிறது, துண்டுச்சீட்டு சொல்கிறது. அப்படியும் ஏன் வெண்ணெய் இல்லை? ஈஸ்டு மண்டியோடு ஒயினை அப்படியே விட்டுவைத்தால் அந்த ஈஸ்டே டையசெட்டிலைத் திரும்ப எடுத்து வாசனை இல்லாத பொருளாக மாற்றிவிடும். அவசரமாக வடித்து நிறுத்தினால்தான் வெண்ணெய் தங்கும். இவர்கள் ஒரு வருடத்துக்கு மேல் மண்டியிலேயே விட்டிருக்கிறார்கள். நான் பால் ஆடை என்று சொன்ன வழவழப்பும் அந்த மண்டி கொடுத்ததுதான், செத்த ஈஸ்டு மெல்ல உடைந்து கரைவதால் வருவது. பீப்பாயும் பழையது, எட்டு வருடம் ஓடியது. அதில் வனிலா எல்லாம் எப்போதோ தீர்ந்து போயிருக்கும். மரத்தின் வழியாக நூலிழை அளவு காற்றை மட்டும் விடும். 2021-ன் ஒல்லியான திராட்சைக்கு மேல் புது மரத்தைப் போட்டிருந்தால் மரத்தைத்தான் குடித்திருப்போம். அந்த மனிதர் விட்டுவைத்ததுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. இரண்டே பீப்பாய் இருக்கும்போது ஒன்றைக் கெடுத்தாலும் பாதி வருடம் போச்சு, அந்த பயத்தில் கையை வைக்காமல் பொறுத்திருப்பது எவ்வளவு கஷ்டம்.

சனிக்கிழமை. பாட்டிலில் பாதிக்கு மேல் காற்று, ஒரு இரவு ஃபிரிட்ஜில். எலுமிச்சை பின்னால் போய்விட்டது. வறுத்த ஹேசல்நட், தேன்மெழுகு, கொஞ்சம் காய்ந்த புல். வாயில் இன்னும் அகலமாக இருந்தது. முதல் அரைமணி நேரம் வெள்ளிக்கிழமையைவிட இதுதான் நன்றாக இருக்கிறது என்று எழுதினேன். அதற்கப்புறம் கடித்து வைத்த ஆப்பிள் பழுப்பாகும்போது வருகிற வாசனை மெல்ல எட்டிப் பார்த்தது. காற்று தன் வேலையைத் தொடங்கிவிட்டது. எழுதியதை அடிக்கவில்லை, இரண்டும் உண்மைதான். மிச்சத்தை அத்தோடு குடித்து முடித்தேன்.

ஞாயிறு மதியம் அக்கா வந்தாள். அரைப் பாட்டிலை முன்கூட்டியே எடுத்து வெளியே வைத்திருந்தேன். கிளாஸைக் கையில் கொடுத்ததும் பழைய ஞாபகத்தில் எட்டியே பிடித்து முகர்ந்தாள். பிறகு கிட்டே கொண்டுவந்தாள்.

"அட்டைப்பெட்டி இல்ல. நல்லாருக்கு. தோட்டத்துல தண்ணி விட்ட மாதிரி இருக்கு."

"அக்கா, ஒண்ணு செய். மூக்கை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு ஒரு வாய் குடி. நான் சொல்ற வரைக்கும் விடாதே."

பிடித்துக்கொண்டு குடித்தாள். கண்ணாலேயே என்னைப் பார்த்தாள்.

"என்ன தெரியுது?"

"புளிக்குது. வேற ஒண்ணும் இல்ல."

"இப்ப மூக்கை விடு."

விட்டாள். ஒரு நொடி அசையாமல் இருந்தாள். அப்புறம் அவள் முகத்தில் வந்ததை நான் எப்படி எழுதுவது? புருவம் இரண்டும் மேலே போய், வாயை மூடிக்கொண்டே "ம்ம்" என்றாள். "டேய், எலுமிச்சம்பழம்! தோலு! எங்க இருந்துடா வந்துச்சு?" நாக்குக்குத் தெரிந்தது புளிப்பும் இன்னும் இரண்டு மூன்று விஷயமும்தான், மிச்சம் அத்தனையும் தொண்டைக்குப் பின்னால் போய் மூக்கில் ஏறுகிற வாசனை. படித்துத் தெரிந்துகொள்வது வேறு, விரலை எடுத்ததும் ஒரு பழம் வந்து விழுவது வேறு. இன்னும் மூன்று தடவை செய்து பார்த்தாள். நானும் செய்தேன். கெட்டுப்போன 214-ஐக் குடித்தபோது நான் யாரோ என் மூக்கைப் பிடித்துக்கொண்ட நிலையில் இருந்திருக்கிறேன், அவள் சொன்ன அந்த நாலு சொல் என் நோட்டில் இருக்கிற வரியேதான்.

விளிம்பு வரை நிரப்பிய பாட்டில் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. வெள்ளிக்கிழமையின் எலுமிச்சையும் கல்லும் அப்படியே இருந்தன, நெருப்புக்குச்சி மட்டும் இல்லை. அக்கா ஒரு புது விஷயமும் பிடித்தாள். காலியான கிளாஸை ஐந்து நிமிடம் கழித்து எடுத்து முகர்ந்துவிட்டு, "வைக்கோல் மாதிரி, கொஞ்சம் தேன்" என்றாள். காலி கிளாஸை முகர எனக்கு இத்தனை வருடமாகத் தோன்றியதே இல்லை. அதையும் அவள் பெயர் போட்டு எழுதிவைத்தேன்.

கடைசி ஊற்றில் பாட்டிலின் அடியிலிருந்து ஏதோ பளபளவென்று கிளாஸில் வந்து விழுந்தது. சர்க்கரைப் பரல் மாதிரி, ஆனால் தட்டையாக.

"டேய், கண்ணாடித் தூளு! குடிக்காதே!"

கண்ணாடி இல்லை. திராட்சையின் சொந்த டார்டாரிக் அமிலம் பொட்டாசியத்தோடு சேர்ந்து குளிரில் பரலாக இறங்கியிருக்கிறது. பெரிய தொழிற்சாலைகளில் பாட்டிலில் நிரப்புவதற்கு முன்பே ஒயினை உறைநிலைக்குப் பக்கத்தில் வைத்து இதை வடித்து எடுத்துவிடுவார்கள், வாங்குகிறவர் பயந்துவிடக்கூடாது என்று. இரண்டு பீப்பாய்க்காரரிடம் அந்த இயந்திரம் எதற்கு? என் ஃபிரிட்ஜ் அந்த வேலையைச் செய்திருக்கிறது.

விளக்கிச் சொன்னேன். நம்பாமல் ஒரு பரலை விரல்நுனியில் ஒற்றி எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு முன்பற்களுக்கு நடுவில் வைத்துக் கடித்தாள். நறுக்கென்று சத்தம் எனக்கே கேட்டது.

"புளிக்குது," என்றாள். இன்னொன்றை எடுத்தாள்.